தப்பியோடிய அடிமையும் மேடையேறும் போதகரும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப்பள்ளிகளில் மாணவர் தாமே எழுதித் தாமே நடிக்கும் நாடகங்களுக்கு அடிமைத்தனத்தினின்று தப்பியோடுதல் விருப்பமான ஒரு பொருளாக இருந்துவருகிறது. 1974-ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் வரலாற்றுப் பேராசிரியர் டேவிட் வான் டாசல் என்பார் தொடங்கிய ‘தேசிய வரலாற்று நாள்’ என்னும் போட்டி இத்தகைய நாடகங்களுக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர் வரலாற்றுப் பொருள் ஒன்றைத் தேர்ந்து, மூல ஆவணங்களைப் படித்து, பத்து நிமிடங்களுக்கு மேற்படாத நாடகமாக எழுதி நடித்தல் அப்போட்டியின் பிரிவுகளுள் ஒன்றாகும். பெப்ருவரித் திங்களில் நினைவுகூரப்பெறும் கறுப்பின வரலாற்று மாதமும், 2021-இல் நாடளாவிய அரசு விடுமுறையாக்கப்பட்ட ஜூன் 19-ஆம் நாளாகிய விடுதலை நினைவு நாளும் இவ்வகை முயற்சிகளுக்கு மேலும் தூண்டுகோலாயின.

பதினைந்து அல்லது பதினாறு வயதுள்ள ஒருவர் ஓர் அடிமையைத் தப்பியோடச் செய்து நாடகம் எழுதும்போது, அறிந்தோ அறியாமலோ திருமறையின் மையக் கதையொன்றைத் தொடுகிறார். இஸ்ரவேலின் விசுவாச அறிக்கை ஒரு தப்பிச்செல்லுதலின் நினைவன்றோ? ஆயினும் இந்நாடகங்கள் பலவற்றில் ஒரு பொதுப் போக்கு தென்படுகிறது. இரவு; துரத்தும் நாய்கள்; சன்னலில் ஒரு விளக்கு; கதவைத் திறக்கும் அன்பான கிறிஸ்தவக் குடும்பம்; இறுதியில் எல்லையைக் கடந்த மகிழ்ச்சி. திருச்சபை இக்கதையில் விளக்கேற்றிய வீடாக மட்டுமே வருகிறது. ஓடியவருக்கு எதிராகப் பிரசங்கித்த திருச்சபை மேடைக்கே வருவதில்லை.

தப்பியோடுதலைக் குறித்த நாடகம் உண்மையுடையதாக இருக்கவேண்டுமாயின், தப்பியோடியவரே அதன் வினைமுதலாக இருத்தல் வேண்டும். திருச்சபை விசாரிக்கப்படும் பாத்திரமாக மேடையில் நிற்றல் வேண்டும். இதுவே நாம் இக்கட்டுரையில் விளக்க முயல்வது. இது நமது புதுக் கருத்தன்று. அடிமைத்தனத்தினின்று தப்பிவந்த ஒருவரே எழுதிய நாடகத்தில் இது முன்னமே எழுதப்பட்டுள்ளது.

1. பள்ளி நூலில் பிறந்த விடுதலைத் தாகம்

பள்ளி மேடைக்கும் அடிமை விடுதலைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. 1797-இல் கேலப் பிங்ஹாம் என்னும் ஆசிரியர் பாஸ்டன் நகரில் ‘கொலம்பிய நாவலர்’ என்னும் பொருள்படும் பெயருடைய பள்ளி நூலொன்றைத் தொகுத்து வெளியிட்டார். பேச்சுக்கலையைப் பயிலும் சிறுவர் மனப்பாடம் செய்து பேசுவதற்கும் நடித்துக்காட்டுவதற்கும் ஏற்ற சொற்பொழிவுகளும் உரையாடல்களும் அதில் இருந்தன. வட ஆப்பிரிக்காவில் அடிமைப்பட்டோரைப் பற்றிய இரண்டு அங்க நாடகம் ஒன்றும், தப்பியோடிப் பிடிபட்ட ஓர் அடிமை தன் எஜமானோடு வாதிட்டு இறுதியில் விடுதலை பெறும் உரையாடல் ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

பால்டிமோர் நகரில் அடிமைச் சிறுவனாயிருந்த பிரெடரிக் டக்ளஸ் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில், தான் ஈட்டிய ஐம்பது சென்ட் காசைக் கொடுத்து இந்நூலை வாங்கினார். எஜமானுக்கும் அடிமைக்கும் நடந்த அந்த உரையாடலை மீண்டும் மீண்டும் படித்ததாக 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர் கூறுகிறார். தம் உள்ளத்தில் உருவமின்றி அலைந்த எண்ணங்களுக்கு அந்நூல் நாவைத் தந்தது என்பது அவர் கூற்றின் கருத்து. 1838-ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்களில் அவர் தப்பிச்சென்றார். பள்ளிச் சிறுவர் நடிக்கவென்று தொகுக்கப்பட்ட நூல், பள்ளிக்கே அனுப்பப்படாத ஒரு சிறுவனுடைய கையில் விடுதலையின் இலக்கணமாயிற்று. மாணவர் நாடகம் சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதுவோர் இதைச் சிந்தித்தல் நன்று.

2. தப்பிவந்தவரே எழுதிய நாடகம்

வில்லியம் வெல்ஸ் பிரவுன் ஏறக்குறைய 1814-இல் கென்டக்கி மாநிலத்தில் அடிமைத்தாய் ஒருத்திக்குப் பிறந்தார். தந்தை எஜமானின் உறவினராகிய வெள்ளையர். எஜமான் வீட்டில் வளர்க்கப்பட்ட வெள்ளைச் சிறுவன் ஒருவனுக்கும் வில்லியம் என்னும் பெயர் இருந்தமையால், இவருடைய பெயர் பறிக்கப்பட்டு ‘சான்போர்டு’ என மாற்றப்பட்டது. பின்னர் செயின்ட் லூயிஸ் நகரில் வாக்கர் என்னும் அடிமை வணிகனிடம் ஓராண்டுக் காலம் வாடகைக்கு விடப்பட்டார். நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டுசெல்லப்பட்ட முதியோரின் நரைமயிரைப் பிடுங்கியும் கறுப்பு மை பூசியும் அவர்களை இளையோர்போல் தோன்றச்செய்வது அவருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று. தம் இனத்தாரைச் சந்தைக்கு ஆயத்தம் செய்த அக்கைகளே பின்னர் நாடகம் எழுதின.

1833-இல் அவர் தம் தாயுடன் தப்பியோடினார். இல்லினாய் மாநிலத்தில் இருவரும் பிடிபட்டனர். தாய் தெற்கே விற்கப்பட்டார். அதன்பின் மகன் அவரைக் கண்டதில்லை. 1834-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், எஜமானின் நீராவிக் கப்பல் சின்சினாட்டியில் நின்றபோது பிரவுன் மீண்டும் தப்பினார். குளிரிலும் பசியிலும் மெலிந்திருந்த அவரைத் தம் வீட்டில் ஏற்றுப் பேணிய குவேக்கர் முதியவரின் பெயர் வெல்ஸ் பிரவுன். அம்முதியவரின் பெயரை ஏற்றுக்கொள்ள இசைந்த அவர், பறிக்கப்பட்ட ‘வில்லியம்’ என்னும் தம் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஈரி ஏரியில் கப்பற்பணி செய்துகொண்டே 1842-ஆம் ஆண்டில் மட்டும் 69 பேரைக் கனடாவுக்குச் சேர்ப்பித்ததாக அவர் எழுதியுள்ளார்.

1858-இல் பாஸ்டனில் அவர் அச்சிட்ட ‘தப்புதல், அல்லது விடுதலைக்கான ஒரு பாய்ச்சல்’ என்னும் பொருள்பட்ட ஐந்து அங்க நாடகம், அமெரிக்கக் கறுப்பினத்தார் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நாடகம் என்று வழங்கப்படுகிறது. அச்சேறுமுன்பே அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் தனியாக நின்று எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் அதனை வாசித்துக்காட்டிவந்தார். தாம் சுமந்த துன்பத்தைத் தாமே எழுதி, தாமே குரல் கொடுத்து, தம்மைத் துன்புறுத்தியோரின் குரலையும் தாமே பேசிக் காட்டினார். அடிமை வணிகனுக்கு நாடகத்திலும் ‘வாக்கர்’ என்றே பெயரிட்டார்.

கதை இதுவே: கிளென், மெலிண்டா என்னும் இரு அடிமைகள் இரகசியமாய் மணம் புரிந்தவர்கள். மெலிண்டாவை இச்சிக்கும் எஜமான் கெய்ன்ஸ் அவளை வேறோர் இடத்தில் மறைத்துவைக்கிறான். எஜமானியின் பொறாமை மெலிண்டாவை நஞ்சருந்துமாறு கட்டாயப்படுத்தும் அளவுக்குச் செல்கிறது. கிளென் சிறையுடைத்து வெளியேற, இருவரும் தப்பி நயாகரா ஆற்றங்கரையில் துரத்துவோரோடு போராடிப் படகில் பாய்ந்து கனடா நோக்கிச் செல்கின்றனர். கேட்டோ என்னும் வேறோர் அடிமை எஜமானின்முன் கோமாளியாகவும் அடங்கியவனாகவும் நடந்துகொள்கிறான். தனித்திருக்கும்போதோ அவன் உள்ளம் விடுதலையையே எண்ணுகிறது. தப்பியோடியோரைப் பிடிக்க அழைத்துச்செல்லப்பட்ட அவனும் தப்பிவிடுகிறான். எஜமானின்முன் அணிந்த பணிவு ஒரு முகமூடி என்பதை இப்பாத்திரத்தால் ஆசிரியர் உணர்த்துகிறார்.

3. எஜமானியின் வரவேற்பறையில் போதகர்

இந்நாடகத்தில் இறையியல் மாணவர் ஊன்றிப் படிக்கவேண்டிய பாத்திரம் பின்ச்சென் என்னும் போதகர். அவர் கொடியவர் அல்லர், சாட்டையெடுத்தவர் அல்லர். எஜமானியின் வரவேற்பறையில் அமர்ந்து தம் ஆவிக்குரிய அனுபவங்களைச் சுவைபடச் சொல்பவர். எஜமானியும் உருக்கத்தோடு கேட்கிறாள். கேட்கும்போதே இடையிடையே பணிப்பெண் ஹன்னாவைச் சாட்டையால் அடிப்பதாக மிரட்டுகிறாள். பக்தியும் மிரட்டலும் ஒரே மூச்சில் ஒரே வாயிலிருந்து வருகின்றன. போதகரின் காதில் இரண்டாவது விழுவதேயில்லை.

தாம் கனவில் விண்ணகம் சென்றுவந்ததாகப் போதகர் கூறுகிறார். இறந்துபோன தன் பென்னை அங்கே கண்டீர்களா என்று ஹன்னா வினவுகிறாள். தாம் கறுப்பர் இருந்த பக்கம் செல்லவில்லை என்பது அவருடைய மறுமொழி. அவையோர் சிரிக்கும் இடம் இது. நாம் இதனைப் படிக்கையில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஏனெனில் பின்ச்சென் பொய் சொல்லவில்லை. தம் சபையில் நிலவிய ஒழுங்கை அப்படியே விண்ணகத்துக்கும் ஏற்றிவிட்டார். நாம் எத்தகைய சபையைக் கட்டுகிறோமோ அத்தகைய விண்ணகத்தையே கனவு காண்கிறோம் என்பதை இரண்டே வரி உரையாடலில் பிரவுன் காட்டிவிட்டார். திருச்சபையியலையும் இறுதிக்காலவியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் நமக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

பிரவுனின் முதல் நாடகம் இன்னும் கூர்மையானது. 1856-இல் அவர் வாசித்துக்காட்டிய அந்நாடகம் அச்சேறாமல் மறைந்துவிட்டது. செய்தித்தாள்கள் தந்த குறிப்புகளால் கதை மட்டும் தெரியவருகிறது. அடிமை முறையை ஆதரித்துப் பேசும் வடமாநிலப் போதகர் ஒருவர் தெற்கே பயணம் செய்கையில் தாமே அடிமையாக விற்கப்பட்டு, அதன் கொடுமையைத் தம் உடம்பில் அறிந்து, மனம் மாறித் திரும்புகிறார். 1854-இல் பாஸ்டன் நகரப் போதகர் நெகேமியா ஆடம்ஸ் என்பார், தென்மாநிலங்களுக்குச் சென்றுவந்து அடிமை முறையை மென்மையாகச் சித்திரித்து நூல் வெளியிட்டிருந்தார். அதற்கு மறுமொழியாகவே இந்நாடகம் எழுந்தது. விருந்தினராய்ச் சென்று கண்டு எழுதப்படும் இறையியலுக்கும், விற்கப்பட்டவராய் நின்று எழுதப்படும் இறையியலுக்கும் உள்ள தொலைவை இந்நாடகம் அளந்துகாட்டியது.

இவ்விரு நாடகங்களும் வெறும் கற்பனைப் பகடி அல்ல என்பதற்கு அக்காலத் திருச்சபை வரலாறு சான்று. ஓர் ஆயர் அடிமைகளை உடையவராயிருக்கலாமா என்னும் வினாவில் 1844-இல் மெதடிஸ்டுத் திருச்சபை பிளவுண்டது. 1845-இல் அடிமை முறையை ஒட்டிய பூசலிலேயே தென்மாநிலப் பாப்டிஸ்டு மாநாடு தனியாக உருவாயிற்று. அதற்காக அம்மாநாடு 1995-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது.

4. ஓடியவர் யார், உதவியவர் யார்?

மாணவர் நாடகங்களில் அடிக்கடி வரும் ‘நிலத்தடி இருப்புப்பாதை’ என்பது உண்மையான இருப்புப்பாதையன்று. தப்பியோடுவோர்க்கு இடமும் உணவும் வழியும் தந்த இரகசிய உதவித் தொடர்புகளுக்கு வழங்கிய உருவகப் பெயர் அது. இதில் குவேக்கர் முதலியோரின் பங்கு மறுக்கமுடியாதது. எனினும் முதல் அடியை எடுத்துவைத்தவர் அடிமையே. பெரும்பான்மையோர் உதவி கிட்டும் எல்லையை எட்டுமுன்பே நெடுந்தொலைவைத் தம் அறிவாலும் துணிவாலும் கடந்தனர்.

1848-ஆம் ஆண்டு திசம்பரில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரினின்று எல்லன், வில்லியம் கிராப்ட் என்னும் தம்பதியர் தப்பினர். வெளிறிய நிறமுடைய எல்லன் நோயுற்ற வெள்ளைப் பண்ணையாராக ஆண் வேடம் பூண்டார். கணவன் அவருடைய அடிமையாக நடித்தார். எல்லனுக்கு எழுதத் தெரியாது. விடுதிகளில் கையொப்பம் கேட்பார்களே என்று வலக்கையைக் கட்டுப்போட்டுத் தூக்கிக் கட்டிக்கொண்டார். முகத்திலும் ஒரு கட்டு; கண்களுக்கு நிறக்கண்ணாடி. இரயிலிலும் கப்பலிலுமாக நான்கு நாள் பயணம் செய்து கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று பிலதெல்பியா வந்து சேர்ந்தனர். கல்வி மறுக்கப்பட்டதையே கேடயமாக மாற்றிய அந்தக் கட்டுப்போட்ட கையைப்போல நாடகத்தன்மை உடைய பொருள் வேறெது?

1849 மார்ச்சுத் திங்களில் ரிச்மண்டினின்று ஹென்றி பிரவுன் என்பார் மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டிக்குள் தம்மை அடைக்கச்செய்து, சரக்காகப் பிலதெல்பியாவுக்கு அனுப்பப்பட்டார். முந்திய ஆண்டில் அவருடைய மனைவியும் மக்களும் விற்கப்பட்டிருந்தனர். 27 மணி நேரத்திற்குப் பின் பெட்டி திறக்கப்பட்டபோது, அவர் எழுந்து நின்று 40-ஆம் சங்கீதத்தை ஒட்டிய பாடலைப் பாடினார். குழியிலிருந்து தூக்கியெடுத்த கர்த்தரைப் போற்றும் அச்சங்கீதத்திற்கு அப்பெட்டியைவிடச் சிறந்த விளக்கவுரை அரிது.

தப்புதல் என்பது எப்பொழுதும் ஓட்டமுமன்று. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் ஹாரியட் ஜேக்கப்ஸ் தம் பாட்டியின் வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத மூன்றடி உயரப் பொந்தில், ஏறக்குறைய ஏழாண்டுகள் ஒளிந்திருந்தார். சிறு துளையொன்றின் வழியே கீழே விளையாடும் தம் பிள்ளைகளைப் பார்ப்பார். அவர்களை அழைக்க முடியாது. 1842-இல் அவர் வடக்கே தப்பினார்; 1861-இல் தம் வரலாற்றை வெளியிட்டார். ஓடாமலே தப்பிய இத்தாயின் கதையை மேடையேற்ற எண்ணும் மாணவர் நாய்களையும் காட்டையும் விட்டுவிட்டு, அமைதியை நடிக்கக் கற்கவேண்டியிருக்கும்.

உதவியவருள்ளும் கறுப்பின மக்களே முன்னணியில் நின்றனர். பிலதெல்பியாவில் தப்பிவந்தோரை வரவேற்ற விழிப்புக் குழுவின் பணியாளர் வில்லியம் ஸ்டில், ஒவ்வொருவரின் பெயரையும் வரலாற்றையும் எழுதிவைத்தார். 1850-இல் அவ்வாறு வினவிக்கொண்டிருக்கையில், எதிரே இருப்பவர் அடிமைத்தனத்தில் விடப்பட்ட தம் சொந்த அண்ணன் பீட்டர் என்று அறிந்தார். பிரிந்த குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவும் என்னும் எண்ணமும் அப்பதிவுகளுக்கு உரமாயிற்று. அவை 1872-இல் நூலாக வெளிவந்தன.

மாணவர் நாடகங்களில் மெய்போல் வழங்கும் சில செய்திகளையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஒட்டுத்துணிப் போர்வைகளின் வடிவங்கள் இரகசிய வழிகாட்டிகளாயிருந்தன என்னும் கதை 1999-இல் வெளிவந்த ஒரு நூலால் பரவியது. அக்காலச் சான்று இன்மையால் வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் இதனை ஏற்பதில்லை. ஹாரியட் டப்மன் 19 முறை சென்று 300 பேரை மீட்டார் என்பது 19-ஆம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாறு ஒன்று தந்த எண்ணிக்கை. ஏறக்குறைய 13 பயணங்கள், 70 பேர் என்பதே பிற்கால ஆய்வின் முடிவு. எண்ணிக்கை குறைந்ததால் பெருமை குறையவில்லை. தான் தப்பிய நிலத்துக்கு ஒருமுறை திரும்பிச் செல்வதே உயிரைப் பணயம் வைப்பதாகும். அவரோ பதின்மூன்று முறை சென்றார்.

சட்டம் எந்தப் பக்கம் நின்றது என்பதும் மேடையில் தெரிய வேண்டும். 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல இயலாது. உதவியவருக்கு ஆயிரம் டாலர் வரை தண்டமும் ஆறு திங்கள் வரை சிறையும் உண்டு. வழக்கைத் தீர்க்கும் ஆணையர், பிடிபட்டவரை எஜமானிடம் ஒப்புவித்தால் பத்து டாலரும் விடுவித்தால் ஐந்து டாலரும் பெற்றார். அநீதிக்கு இருமடங்கு கூலி என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

5. ஒரே திருமறை, இரு வாசிப்புகள்

திருமறை இக்கதையில் இரு தரப்பிலும் நிற்கிறது. 1807-இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று இலண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் பாதியும் அதில் இல்லை. யோசேப்பு அடிமையாய் உண்மையோடு உழைத்த கதை உண்டு. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதை இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் எபேசியர் நிருபப் பகுதி உண்டு. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்னும் கலாத்தியர் வசனம் இல்லை. அதைத் தொகுத்தோர் யாத்திராகமத்தின் பொருளை நன்கு அறிந்திருந்தனர். அறிந்ததனாலேயே அதை நீக்கினர்.

அடிமைகளும் தாம் கேட்ட பிரசங்கத்தைச் சோதித்தறிந்தனர். 1830-களில் ஜார்ஜியாவின் லிபர்ட்டி வட்டத்தில் சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ் என்னும் பிரஸ்பிட்டேரியப் போதகர், தாமும் அடிமைகளை உடையவராயிருந்து, அடிமைகளுக்குப் பிலேமோன் நிருபத்தினின்று பிரசங்கித்தார். தப்பியோடுதல் தவறு என்று அவர் கூறியதும் கூடியிருந்தோருள் பாதிப்பேர் எழுந்து வெளியேறினர். அப்படியொரு நிருபமே வேதத்தில் இல்லை என்றனர் சிலர். இது நற்செய்தியன்று என்றனர் வேறு சிலர். எஜமானரைப் பிரியப்படுத்தவே இவர் பேசுகிறார் என்றும் கூறினர். இதனை மறைக்காமல் பதிவு செய்தவர் அப்போதகரே. எழுத்தறிவு மறுக்கப்பட்ட அம்மக்கள், ஒரு வேதபகுதியை விளக்கும் முறை நற்செய்திக்கு இசைந்ததா என்று அளக்கும் இறையியலறிவு பெற்றிருந்தனர். எழுந்து வெளியேறியதே அவர்கள் அளித்த விளக்கவுரை. மாணவர் எழுதும் நாடகம் எதிலேனும் இக்காட்சி இடம்பெறுமாயின், அதைக் காணும் எந்தப் போதகரும் தம் பிரசங்கக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பார்க்காமல் இருக்கமுடியாது.

பிலேமோன் நிருபத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளை மாணவருக்கு நாம் விளக்கியாக வேண்டும். ஒநேசிமு தப்பியோடினான் என்று நிருபம் நேராகக் கூறவில்லை. அது விளக்கவுரையாளர் ஊகம். அவனை இனி அடிமையாக எண்ணாமல் பிரியமான சகோதரனாக ஏற்குமாறு பவுல் வேண்டுவதோ 16-ஆம் வசனத்தில் நேராக இருக்கிறது. ஊகத்தைப் பிரசங்கமாக்கி, வசனத்தை விட்டுவிட்டனர் எஜமானரின் போதகர்கள்.

இன்னும் கடினமான பகுதி ஆகாரின் கதை. திருமறையில் நாம் முதன்முதல் காணும் தப்பியோடிய அடிமை அவள். ஆதியாகமம் 16-இல் தேவதூதன் அவளை நாச்சியாரிடம் திரும்பிச் செல்லச் சொல்கிறான். நாடகம் எழுதும் மாணவர் இதைக் காட்டி, கடவுள் யார் பக்கம் என்று வினவினால் நாம் அவசரப்பட்டுச் சமாதானம் கூறலாகாது. அதே பகுதியில் கடவுளுக்குப் பெயரிடும் துணிவும் உரிமையும் அவ்வடிமைப் பெண்ணுக்கே அளிக்கப்படுகின்றன என்பதையும், 21-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் கடவுள் அவள் பிள்ளையின் குரலைக் கேட்டார் என்பதையும், எஜமானுக்குத் தப்பி வந்தவனை ஒப்புக்கொடுக்கலாகாது என்னும் உபாகமம் 23:15, 16 கட்டளையையும் உடன்வைத்துப் படிக்கச்செய்ய வேண்டும். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டளைக்கு நேர் எதிரானது என்று அடிமை ஒழிப்பாளர் மேடைதோறும் எடுத்துரைத்தனர். இவ்வளவும் படித்த பின்னும் ஆகாரின் காட்சி உறுத்தினால், அவ்வுறுத்தல் மேடையில் இருக்கட்டும்.

6. எழுதும் இளைஞருக்கு வழிகாட்டுவோர் கருதவேண்டியவை

முதலாவது, தப்பிவந்தோர் தாமே எழுதியவற்றினின்று மாணவர் தொடங்கட்டும். டக்ளஸ், பிரவுன், கிராப்ட் தம்பதியர், ஜேக்கப்ஸ் ஆகியோரின் நூல்களும் ஸ்டிலின் பதிவுகளும் உள்ளன. பிறர் அவர்களைக் குறித்து இரங்கி எழுதியவை இரண்டாம் இடத்தையே பெறத்தக்கவை.

இரண்டாவது, துன்பத்தைக் காட்சிப்பொருளாக்கலாகாது. அமெரிக்க வகுப்பறைகள் சிலவற்றில் அடிமை ஏலத்தையும் துரத்தலையும் விளையாட்டாக நடத்தி, கறுப்பின மாணவரை விற்கப்படுவோராக நிறுத்தியமை பெற்றோரின் நியாயமான எதிர்ப்பைப் பெற்றது. சாட்டையைக் காட்டாமலே சாட்டையின் அச்சத்தைப் பின்ச்சென் காட்சி காட்டிவிடுகிறது. நல்ல நாடகத்திற்கு அதுவே போதும்.

மூன்றாவது, எல்லையைக் கடந்ததும் திரை விழுந்தாலும், கதை அங்கே முடிந்துவிட்டதாகக் காட்டலாகாது. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 39 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அடிமைகளாயிருந்தனர். தப்பியோர் அவர்களுள் மிகச் சிறு பகுதியினரே. தப்பிய ஒவ்வொருவருக்கும் பின்னே, பிரவுனின் தாயைப்போல் ஒருவர் விடப்பட்டிருந்தார். கடலைக் கடந்த இஸ்ரவேலும் பாடி முடித்த மூன்றாம் நாளே தண்ணீருக்காக முறுமுறுத்தது. விடுதலைக்கு ஒரு மறுநாள் உண்டு; அதையும் எழுதட்டும்.

நான்காவது, போதகரை மேடையினின்று இறக்கிவிடலாகாது. திருச்சபையின் ஆதரவில் இத்தகைய நாடகம் ஒன்று எழுதப்படும்போது, பின்ச்சென் போன்ற பாத்திரத்தை நீக்கிவிடுமாறு ஆலோசனை கூறுவது எளிது. சபையார் வருந்துவர், விருந்தினர் முன்னிலையில் நன்றாயிராது, நல்ல போதகர்களும் இருந்தார்களே என்றெல்லாம் காரணம் காட்டலாம். நல்லவர்களும் இருந்தனர் என்பது உண்மையே. ஆனால் தீயவரை நீக்கி நல்லவரை மட்டும் நிறுத்துவது, 1807-ஆம் ஆண்டு வேதாகமத்தைத் தொகுத்தோர் செய்த வேலையே. வேண்டாத பக்கத்தை அவர்கள் வேதத்தினின்று நீக்கினர். நாம் வரலாற்றினின்று நீக்குவோம்.

முடிவுரை

ஆற்றைக் கடக்கும் படகு பார்ப்போரின் உள்ளத்தை உயர்த்தும். அது நாடகத்தின் வெற்றி. பணிப்பெண்ணின் அழுகை காதில் விழாமல் விண்ணகக் கனவு சொல்லும் போதகர் பார்ப்போரின் உள்ளத்தைக் குத்துவார். அதுவும் நாடகத்தின் வெற்றியே. முதலாவதை மட்டும் விரும்பும் திருச்சபை யாத்திராகமத்தில் தன்னை எப்பொழுதும் இஸ்ரவேலாகவே காண்கிறது. பார்வோனின் அரண்மனையிலும் ஆசாரியர் இருந்தனர் என்பதை அது மறந்துவிடுகிறது.

பதினாறு வயதுள்ள ஒருவர் எழுதிய கைப்படியை நம்மிடம் கொண்டுவந்து, இதில் வரும் போதகர் இப்படிப் பேசலாமா என்று கேட்கும் நாள் வரலாம். அப்பொழுது நாம் அவருடைய சொற்களைத் திருத்துமுன், ஹன்னாவின் வினாவை நமக்குள் கேட்டுக்கொள்வோமாக: நாம் பிரசங்கிக்கும் விண்ணகத்தில், நம் சபையின் பின்வரிசையில் நிற்போரை நாம் கண்டதுண்டா?